ஏரி இளவரசியும் என் கடைவாய்ப் பல்லும்

ஒரு நாவலைத் திட்டி எழுதுவதற்கு முன்னால், அதை எழுதியவர் வயிற்றுப்பாட்டுக்கு என்ன வேலை பார்க்கிறார் என்று விசாரித்துக்கொள்வது நல்லது. வக்கீல் என்றால் பாதகமில்லை, வாய்தா வாங்கிச் சமாளிக்கலாம். வங்கி மேனேஜர் என்றால் வேறு வங்கிக்குப் போய்விடலாம். நான் விசாரிக்கவில்லை. அதன் பலனை ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் மயிலாப்பூரில், மல்லாந்து படுத்து, வாயைப் பிளந்துகொண்டு அனுபவித்தேன்.

அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. கிண்டியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. மேற்கு மாம்பலத்தில் செல்வி அக்கா வீட்டு மாடியில் வாசம். அக்கா தி. நகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவள்தான் வாடகை நூலகம் ஒன்றிலிருந்து ‘ஏரியோடு பேசிய இளவரசி’ என்ற நாவலைக் கொண்டுவந்தாள். பல்லவர் காலத்துக் கதை, செங்கல் கனம். ஓர் இளவரசி ஏரிக்கரையில் உட்கார்ந்திருக்கிறாள். ஏரி அவளோடு பேசுகிறது. நடுநடுவே ஒரு நாரை தன் அபிப்பிராயத்தைச் சொல்கிறது. எதிரிப் படை ஆவேசமாகப் புறப்படுகிறது. வழியில் தாமரை பூத்திருப்பதைப் பார்த்து நின்றுவிடுகிறது.

அக்கா அதை தினமும் இரண்டே பக்கம் படித்தாள், கமர்கட்டை வாயில் ஒதுக்கிக்கொள்கிற மாதிரி. தீர்ந்துவிடக் கூடாதாம். நானோ மின்சார ரயிலில் படித்தேன். மாம்பலத்தில் நான் ஏறும்போது இளவரசி கண்ணைத் திறக்க ஆரம்பித்தாள். கிண்டியில் இறங்கும்போது இமை பாதிதான் மேலே போயிருந்தது. (அன்றைக்கு சைதாப்பேட்டையில் சிக்னல் கிடைக்காமல் வண்டி வெகுநேரம் நின்றது. அப்படியும்.)

கடைசிப் பக்கம்வரை பல்லைக் கடித்துக்கொண்டு படித்துவிட்டு, வழக்கம்போல ‘மாம்பலம் பிரபு’ என்ற பெயரில் முகநூலில் ஒரு விமரிசனம் எழுதினேன். பெரிய எழுத்தாளன் என்ற நினைப்பு. அதை யார் யாரோ எடுத்துப் பகிர்ந்தார்கள். அக்காவுக்கு முகநூல் பழக்கம் கிடையாது. நானும் அந்த நாவலைப் பற்றி எழுதியிருக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். திட்டியா, பாராட்டியா என்பதை அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

சில மாதம் கழித்து என் இடது பக்கக் கடைவாய்ப் பல் வலிக்க ஆரம்பித்தது. லவங்கம், உப்புத் தண்ணீர், மாத்திரை எதற்கும் அடங்கவில்லை. அக்காவின் கணவர் தணிகாசலம் மாமா, மயிலாப்பூரில் தான் பல் எடுத்துக்கொண்ட டாக்டரைச் சொன்னார். கை பூப்போல இருக்குமாம். லஸ் பக்கத்துச் சந்து ஒன்றில் முதல் மாடி. நீ முன்னால் போ, பள்ளிக்கூடம் முடிந்து நேரே அங்கே வந்துவிடுகிறேன் என்றாள் அக்கா. ஊசி என்றால் நான் மயங்கி விழுகிற ரகம் என்பது அவளுக்குத் தெரியும்.

கதவைத் திறந்ததும் லவங்கத் தைல வாசனை. உள்ளே மெஷின் கிர்ரென்று சுற்றுகிற சத்தம். பிறகுதான் டீப்பாயைப் பார்த்தேன். சாதாரணமாகப் பழைய வார இதழ்கள் கிடக்கிற இடத்தில் ஏரிக்கரை இளவரசி நாலைந்து பிரதியாக அடுக்கப்பட்டிருந்தாள்.

ரிசப்ஷனில் இருந்த பெண்ணிடம் இது எப்படி இங்கே என்று கேட்டேன்.

“நம்ம டாக்டர் எய்தினதுதான் சார்” என்றாள் பெருமையாக. “வேற பேர்ல எய்திக்கீறாரு. வெயிட் பண்றவங்கோ படிக்கட்டும்னு வெச்சிக்கீது.”

எனக்குப் பல்வலி நின்றுவிட்டது. சத்தியமாக ஒரு நிமிடம் நின்றுவிட்டது. அந்த ஒரு நிமிடத்தில் நான் படியிறங்கி ஓடியிருக்க வேண்டும். ஆனால் அதற்குள் அவள் “பேரு சொல்லுங்க சார்” என்று கம்ப்யூட்டரில் விரலை வைத்தாள். பிரபு, மாம்பலம் என்று நானே என் வாயால் எப்படிச் சொல்வது? மூளைக்கு எட்டிய முதல் பெயரைச் சொன்னேன்.

“தணிகாசலம்.”

“வெஸ்ட் மாம்பலமா? பழைய பேஷண்ட்டு. உக்காருங்க.”

உட்கார்ந்தேன். காத்திருந்தவர்களுக்கு நாவல்தான் பொழுதுபோக்கு. பக்கத்தில் கன்னம் வீங்கிய ஆட்டோ டிரைவர் ஒருவர், புத்தகத்தைத் தொடையில் விரித்து வைத்துக்கொண்டு என்னிடம் முறையிட்டார். “குதிர கீது, கத்தி கீது, ராஜா கீறாரு. ஆனா ஒர்த்தனும் வெட்டிக்க மாட்டேன்றான் சார். சண்ட எப்போ வரும்?” சண்டை வராது என்று எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை.

எதிரே உட்கார்ந்திருந்த அம்மா, ராயப்பேட்டையில் தையல் கடை வைத்திருப்பவராம், டிரைவரைக் கண்டித்தார். சண்டைக்காகவா இதைப் படிக்கிறது என்று கேட்டார். தன் மகளுக்கு ராத்திரியில் படித்துக் காட்டியதாகவும், ஏரி எழுந்து இளவரசி பின்னாலேயே நடந்து போகிற இடத்தில் மகள் விசும்பி விசும்பி அழுததாகவும் சொன்னார். மூலையில் இருந்த ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியார் ஒருவருக்கு வேறு கோபம். அரண்மனைச் சமையல்கட்டில் மிளகாய் வறுக்கிறார்களாம். பல்லவர் காலத்தில் மிளகாய் ஏது என்று டாக்டரைக் கேட்க மூன்று தடவை வந்துவிட்டாராம். ஒவ்வொரு தடவையும் இவர் வாயில் டாக்டர் எதையாவது அடைத்துவிடுகிறாராம்.

இது சும்மா சொன்ன பேச்சுதான். என் காதில் வேறு மாதிரி விழுந்தது. மிளகாயைக் கேட்க நினைத்தவருக்கே இந்த கதி என்றால்?

“தணிகாசலம்” என்று கூப்பிட்டார்கள். இரண்டாவது தடவை கூப்பிட்டபோதுதான் அது நான் என்று உறைத்தது.

டாக்டருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். மிருதுவான குரல். ஒரு வாக்கியம் சொல்லி, அது போய்ச் சேர்ந்துவிட்டதா என்று பார்த்து, அடுத்ததைச் சொல்கிறவர். முகத்தைப் பார்க்கிற வழக்கமில்லை, நேராக வாய்தான். என்னைச் சாய்த்துப் படுக்கவைத்து விளக்கை இழுத்தார்.

“சுகர் எப்படி இருக்கு?”

“நார்மல் டாக்டர்.”

“போன தடவை எக்கச்சக்கமா இருந்துச்சே. எப்படிக் குறைச்சீங்க?”

“நடந்தேன்.”

கண்ணாடிக் குச்சியை வாய்க்குள் விட்டார். கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தார். மறுபடி வாய்க்குள் பார்த்தார்.

“மேல் வரிசையில ரெண்டு பல் எடுத்தோமே” என்றார் மெதுவாக.

மாமாவின் பற்கள். அவர் போன தீபாவளிக்கு முறுக்கைத் தண்ணீரில் நனைத்துச் சாப்பிட்டது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

“முளைச்சிருக்கு” என்றார் டாக்டர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு பல்லாகத் தட்டிப் பார்த்தார். “இந்த வயசுல. இதை நான் நாவல்ல எழுதியிருந்தா ஒருத்தரும் நம்பியிருக்க மாட்டாங்க. நாவல் பார்த்தீங்களா வெளியே? எப்படி இருந்தது?”

“ஆ” என்றேன். வாயில் குச்சி. அவருக்கு இதுவரை நேரில் கிடைத்த விமரிசனமெல்லாம் அந்த ஓர் எழுத்தாகத்தான் இருந்திருக்கும்.

மனிதர் சந்தோஷத்தில் இருந்தார். அதனால் மனம் திறந்து பேச ஆரம்பித்தார். ஆறு வருடம் எழுதினாராம். பேஷண்ட் வராத நேரத்தில், இதே அறையில். பேசிக்கொண்டே, வலிக்கிற கடைவாய்ப் பல்லை எடுத்துவிட வேண்டியதுதான் என்று சொல்லி ஊசியில் மருந்தை ஏற்றினார். “ஒருத்தர் எழுதியிருக்கார் பாருங்க: ‘இளவரசி குதிரை ஏறுவதற்கு நாற்பது பக்கம். ஏறிய பிறகு எனக்கு ஒரே ஒரு பயம்தான். இறங்கித் தொலைத்தால் என்ன செய்வது?’” ஒரு கமா விடாமல் சொன்னார். “மனப்பாடம் ஆயிடுச்சு. மாம்பலம் பிரபுவாம். நீங்களும் மாம்பலம்தானே, தெரியுமா அவரை?”

தலையை வேகமாக ஆட்டினேன்.

“ஆட்டாதீங்க. ஊசி உள்ள இருக்கு.”

நான் மயங்கவில்லை. மயக்கம் வரக்கூட ஓரளவு மனநிம்மதி வேண்டும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். நாக்கு கனத்தது. இடது கன்னம் யாருடையதோ மாதிரி ஆனது. வலித்தால் இடது கையைத் தூக்கச் சொல்லிவிட்டு அவர் பல் பிடுங்கும் குறடு ஒன்றை எடுத்தார். அப்போது வெளியே அக்காவின் குரல் கேட்டது. வகுப்பறையின் கடைசி பெஞ்சுக்கும் எட்டுகிற குரல்.

“பிரபு உள்ள இருக்கானாம்மா?”

“அந்தப் பேர்ல யாரும் வர்லியே மேடம். உள்ள தணிகாசலம்னு ஒர்த்தருதான் கீறாரு.”

“தணிகாசலமா? அவரு என் வீட்டுக்காரராச்சே. இப்பதான் ஆபீஸ்ல இருந்து பேசினாரு.”

கதவு திறந்தது. அக்கா என்னைப் பார்த்தாள், திரையில் இருந்த பெயரைப் பார்த்தாள். “ஏண்டா, மாமா பேரை ஏன் கொடுத்தே?”

“அப்போ அந்த ரெண்டு பல்லு?” என்றார் டாக்டர்.

“அது அவரோடது டாக்டர். இவனுக்கு எல்லாம் சரியாத்தான் இருக்கு.”

அவர் முகம் விழுந்ததை நான் கீழேயிருந்து பார்த்தேன். கையில் கிடைத்த அற்புதம் ஒன்றை யாரோ பிடுங்கிக்கொண்ட முகம். நான் அதோடு தப்பித்திருப்பேன். ஆனால் அக்கா கையில் வெளியே இருந்த நாவல் இருந்தது. எழுதியவர் இவர்தான் என்று அந்தப் பெண் சொல்லியிருக்கிறாள். அக்காவுக்குக் கண் கலங்கியே விட்டது.

“அந்தக் குதிரை ஏறுற இடம் டாக்டர். நாலு தடவை படிச்சேன். ஏறிட்டா அவ ஊரை விட்டுப் போயிடுவா. ஏறாமலே இருக்கட்டும்னு நானும் ஒவ்வொரு வரியா நகர்ந்தேன்.”

டாக்டர் குறடும் கையுமாக அக்கா பக்கம் திரும்பினார். அந்த நாற்பது பக்கம் எதற்கு என்பது எனக்கும் அப்போதுதான் புரிந்தது. புரிந்த நேரம் சரியில்லை.

“என் தம்பியும் உங்க நாவலைப் பத்தி எழுதியிருக்கான்” என்றாள் அக்கா, என் தோளைத் தட்டி. “மாம்பலம் பிரபுன்னு போட்டுக்குவான். பாத்தீங்களா?”

டாக்டர் முதன்முறையாக என் வாயை விட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் மேலே இருந்த விளக்கைப் பார்த்தேன். செத்தவர்களுக்கு இப்படித்தான் ஒரு வெளிச்சம் தெரியும் என்பார்கள்.

“கடைசி வரைக்கும் படிச்சீங்களா?” என்றார்.

“ஆ.”

“ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா இருந்தேன்.” குறடு பல்லைப் பிடித்தது. “நாற்பது பக்கம் அதிகம்னா, எத்தனை பக்கம் இருந்திருக்கணும்? நிஜமாத்தான் கேக்கறேன்.”

மருந்து எட்டாத ஏதோ ஒரு மூலையில் குறடு அழுத்தியது. என் இடது கை விருட்டென்று மேலே போயிற்று, ஐந்து விரலும் விரிந்தபடி.

“அஞ்சா” என்றார் டாக்டர் யோசனையாக.

இல்லை, வலி என்று சொல்ல நாக்கு எழும்பவில்லை. விரல்களை இன்னும் விரித்துக் காட்டினேன். அவர் தலையசைத்துக் கேட்டுக்கொண்டார். பிறகு இன்னொரு ஊசி போட்டார், நல்ல மனிதர். “உங்களுக்கு இழுத்தடிச்சாப் பிடிக்காது. ஒரே இழுப்புல எடுத்துடலாம். இல்லேன்னா என் வழக்கப்படி நிதானமா. எப்படி?”

மிரட்டுகிறாரா, மரியாதையாகக் கேட்கிறாரா என்று அந்தக் குரலில் கண்டுபிடிக்க முடியவில்லை. இன்றுவரை தெரியாது. உடம்பில் மிச்சமிருந்த தெம்பையெல்லாம் கூட்டி, செத்துக் கிடந்த நாக்கால் கெஞ்சினேன்.

“மெகுவா. மெகுவா டாக்கர்.”

அக்கா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். முதலில் பரிதாபப்படுகிறாள் என்று நினைத்தேன்.

டாக்டர் மெகுவாகவே எடுத்தார். பல்லை அசைத்தபடியே, அடுத்து எழுதப்போகிற நாவலின் முதல் அத்தியாயத்தைச் சொன்னார். அதில் ஒரு மந்திரி மாடிப்படி இறங்குகிறார். பல் வெளியே வந்தபோது அவர் இன்னும் தரைக்கு வந்து சேரவில்லை. ஆனால் எனக்குத் துளி வலி இல்லை.

மறு வருடம் அந்த நாவலுக்கு இரண்டாம் பதிப்பு வந்தது. அக்கா சொந்தமாக வாங்கிவந்து ஆசையாகப் பிரித்தாள். குதிரை ஏறுகிற இடம் ஐந்தே பக்கம். கறாரான ஆலோசனை சொன்ன வாசக நண்பர் ஒருவருக்கு முன்னுரையில் நன்றி இருந்தது. பெயர் இல்லை. அக்கா பல நாள் என்னோடு பேசவில்லை. சாப்பாட்டை மாடிக்கு மாமா கையில் கொடுத்தனுப்பினாள். இட்லி ஐந்துக்கு மேல் வராது.

பிறகு எனக்குக் கல்யாணம் ஆயிற்று. முகூர்த்தம் தப்பப் போகிறது என்று ஐயர் அவசரப்படுத்த, நான் பதற்றத்தில் முதல் முடிச்சை எப்படியோ போட்டுவிட்டேன். மற்ற இரண்டும் அக்காவின் பொறுப்பு. அவள் மணப்பெண்ணுக்குப் பின்னால் நின்று, உலகத்தின் நேரமெல்லாம் தன்னுடையது போல முடிச்சுப் போட்டாள். சீக்கிரம், சீக்கிரம் என்று நான் பல்லைக் கடித்தேன். அவள் நிமிர்ந்து, மேடை முழுக்கக் கேட்கும்படி, “மெகுவா டாக்கர்” என்றாள். மாமா உட்பட எங்கள் பக்கத்துச் சொந்தமெல்லாம் குலுங்கிச் சிரித்தது.

குனிந்த தலை நிமிராமல் மணப்பெண் என்னிடம் கிசுகிசுத்தாள். “கம்ப்யூட்டர்ல வேலைன்னுதானே சொன்னாங்க?”