எட்டாவது ஆல்பத்தால் நிற்கும் கல்யாணம்

திருக்கழுக்குன்றம்,
திங்கட்கிழமை.

கர்த்தருக்குள் பிரியமும் பயபக்தியும் உள்ள ஜெபா அண்ணனுக்கு, தங்கை ரெபேக்காள் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கே எங்கள் மூன்று பேருக்கும் உடம்பில் ஒரு குறையும் இல்லை. மனசில்தான் இருக்கிறது. வேலூரில் நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் சுகமாக இருக்கத் தினமும் ஜெபிக்கிறேன். போன் இருக்க, கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்துவிடுவீர்கள். இது சிரிக்கிற சமாச்சாரம் இல்லை அண்ணா. நம்ம ரூத்தின் கல்யாணம் நின்றுபோகப் பார்க்கிறது.

என் வீட்டுக்காரர் அந்தக் காலத்தில் மாமல்லபுரம் விடுதி ஒன்றில் எலக்ட்ரீஷியனாக இருந்தபோது, ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரர் ஒரு பெட்டி நிறைய இசைத்தட்டுகளை இவர் தலையில் கட்டிவிட்டுப் போனது உங்களுக்குத் தெரியும். எல்லாம் கிளாஸ் ஹெரான் என்கிற ஒரே குழுவின் ஆல்பங்கள், மொத்தம் பதினொன்று. கண்ணாடி நாரை என்று அர்த்தமாம். ஒரு பாட்டு இருபத்துமூன்று நிமிஷம் போகும். அதில் பாடுவது நாலு நிமிஷம், மீதி நேரமெல்லாம் வாசித்துக்கொண்டே இருப்பார்கள். மூன்றாவது ஆல்பத்தின் அட்டையில் ஒரு ஆடு மாடிப்படி ஏறுகிறது. ஏன் ஏறுகிறது என்று கேட்டேன். “அதான் கேள்வியே” என்றார். முப்பது வருஷமாக இந்த மனுஷனோடு குடும்பம் நடத்துகிறேன்.

மாதாமாதம் இரண்டாவது சனிக்கிழமை செங்கல்பட்டு லாரி ஆபீஸ் ராஜாராமும், கோவளத்தில் ஓட்டல் வைத்திருக்கிற வாசுதேவனும் நம் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். கதவைச் சாத்தி, ஒரு ஆல்பத்தை எடுத்து, ஒரு பக்கம் முழுவதும் கேட்பார்கள். அதற்குச் சட்டதிட்டம் உண்டு. பக்கம் முடிகிறவரை பேசக்கூடாது, எழுந்திருக்கக்கூடாது, கண்ணைத் திறக்கக்கூடாது. சத்தம் வருமென்று மின்விசிறியை நிறுத்துவார்கள். பிரிட்ஜையும் நிறுத்துவார்கள். குக்கர் விசில் வந்தால் முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள் என்பதால் அன்றைக்கு நான் பருப்பைச் சட்டியில்தான் வேகவைப்பேன்.

போன சனிக்கிழமை கடப்பாக்கத்திலிருந்து ரூத்தைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. பையன் பெயர் ஹேமந்த், அரசு வேலை, அடக்கமான பையன். அப்பா சபையில் மூப்பர். வரும் நேரம் ஐந்தரை. நாலரைக்குள் முடித்துவிடுகிறோம் என்று இவர் என் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். ஆனால் அவர்களுக்கு வழியில் மீன் ஏற்றப் போகிற வேனில் இடம் கிடைத்துவிட்டது. நான் நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன், இசைத்தட்டைப் போட்டது நாலு பத்து, அவர்கள் கதவைத் திறந்தது நாலு பன்னிரண்டு.

உள்ளே பார்த்தால் மூன்று ஆம்பிளைகள் பாயில் சம்மணம் போட்டு, கண் மூடி, வேர்த்து வழிய முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். ஆர்கன் வேறு நம் கோயில் ஆர்கன் மாதிரியே முழங்குகிறது. வாசுதேவன் கன்னத்தில் கண்ணீர். மூப்பர் ஒரு நிமிஷம் நின்று பார்த்தார். செருப்பைக் கழற்றினார். அவர் சம்சாரம் முக்காடு போட்டார். இரண்டு பேரும் அப்படியே முழங்காலில் நின்றுவிட்டார்கள் அண்ணா! ஜெபக்கூட்டம் என்று நினைத்துவிட்டார்கள். ஜெபத்தில் இருக்கிறவர்களை நான் எப்படித் தட்டி எழுப்புவது? இல்லை என்று சொன்னால்தான் இன்னும் கேவலம். கேசரித் தட்டை ஏந்திக்கொண்டு அடுப்பங்கரை வாசலிலேயே நின்றேன். பட்டுப்புடவையில் ரூத் எனக்குப் பின்னால். இருபத்தோரு நிமிஷம். அந்த வீட்டில் கண்ணை மூடாதவர்கள் மூன்றே பேர். ரூத், அந்தப் பையன், அவர்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்த நான்.

பாட்டு முடிந்ததும் மூப்பர் “ஆமென்” என்றார். அதோடு விட்டாரா, வாசுதேவன் தலைமேல் கையை வைத்து, “இந்தச் சகோதரனுடைய பாரத்த எடுத்துப் போடும் ஆண்டவரே” என்று உருக்கமாக ஜெபித்தார்.

வாசுதேவன் கண்ணைத் திறந்து, “இன்னா பாரம்? அது கிட்டாரு ஐயா” என்றார்.

நான் செத்தேன் என்றுதான் நினைத்தேன். ஆனால் மூப்பர் சம்சாரம், “கல்யாணமான நாள்லேர்ந்து இருவது நிமிசம் சும்மா இருந்தது இன்னிக்குதான் ரெபேக்கா. மனசு லேசாகீது” என்று முட்டியைத் தேய்த்தபடி சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். விசிறி ஓடியது, கேசரி போயிற்று. அப்போதுதான் அந்தப் பையன் வாயைத் திறந்தான். “மாமா, இது மூணாவது ஆல்பம் தானே?”

இவர் எழுந்து அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். “மாப்ள!” என்று ராஜாராம் கத்தினார். பெண்ணை யாரும் முறைப்படி பார்க்கக்கூட இல்லை, அதற்குள் சம்பந்தம் முடிந்துவிட்டது. அந்த இடத்தில் இவர் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். “உனுக்கு எது புடிக்கும்?” என்று கேட்டார்.

“எட்டாவது மாமா.”

யாரோ இறந்த செய்தி வந்த மாதிரி ஆகிவிட்டது. இவர் மெதுவாகக் கேட்டார், “ஆர்கன் வாசிச்சவரு குழுவ வுட்டு வெளிய பூட்டப்பறம் வந்துச்சே, அதுவா?”

“ஆமா மாமா. அதான் சுத்தமா கீது.”

“தம்பி, வார்த்தய வாபஸ் வாங்கிக்கோ” என்று ராஜாராம் கெஞ்சினார். “பெரிய மன்சன் வூடு.”

“பொய் சொல்லி பொண்ணு கட்ட மாட்டேன் சார்” என்றான் அவன். எனக்கு அந்தப் பதில் ரொம்பப் பிடித்தது. இவர் தட்டை உறையில் போட்டு, பெட்டியை மூடி, கொல்லைப் பக்கம் போய்விட்டார். மூப்பர் குடும்பம் ஒன்றும் புரியாமல் ஆறு மணி பஸ்ஸுக்குப் போனது.

அன்றிலிருந்து இதே பேச்சுதான். “நாளிக்கு கொயந்த பொறந்தா, அதுக்கு எட்டாவது ஆல்பத்த போட்டுக் காட்டுவான்டீ. என் பேரன் அத்த கேட்டு வளரணுமா?” என்கிறார். ரூத், “நான் கட்டிக்கப்போறது அவர நைனா, ஆல்பத்த இல்ல” என்று சொல்லிவிட்டு இரண்டு நாளாக அப்பாவிடம் பேசுவதில்லை. அவள் ஒருவனைப் பிடித்திருக்கிறது என்று சொன்னது இதுவே முதல் தடவை. அதனால்தான் இந்தக் கடிதம். உலகத்தில் ஒரு பாட்டுக்காக யாராவது பெண்ணின் வாழ்க்கையைக் கெடுப்பார்களா? எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கே இது புரிகிறது. இவர் உங்கள் பேச்சுக்கு மட்டும்தான் அடங்குவார். தாய்மாமனாக நேரில் வந்து நாலு வார்த்தை கண்டித்துச் சொல்லுங்கள்.

அண்ணிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு முத்தம். ஆண்டவருடைய சமாதானம் உங்கள் வீட்டில் இருப்பதுபோல் எங்கள் வீட்டிலும் வந்து தங்க ஜெபியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை,
ரெபேக்காள்.

பின்குறிப்பு: தபாலில் சேர்ப்பதற்குள் வியாழக்கிழமை ஆகிவிட்டது. நம் பெட்டியில் இருந்த எட்டாவதை இவர் எப்போதோ தூக்கிப் போட்டுவிட்டார். நேற்று அந்தப் பையன் தன்னுடையதைக் கையிலேயே கொண்டுவந்து, “ஒரு தபா கேளுங்க மாமா, அப்பால வேணான்னு சொல்லுங்க” என்றான். மாமனும் மருமகனும் மூன்று தடவை கேட்டார்கள். இவர், “பரவால்ல, நல்லாத்தான் கீது” என்று சொல்லி, கல்யாணத் தேதியே குறித்துவிட்டார். ரூத் கோயிலுக்குள் நுழையும்போது அதையே போடுவதாகவும் இரண்டு பேரும் கைகொடுத்துக்கொண்டார்கள். நியாயமாகப் பார்ப்போமே என்று நானும் நோட்டோடு உட்கார்ந்து கேட்டேன். நாற்பத்தொரு நிமிஷம் அண்ணா, ஒரு இடத்திலாவது ஆர்கன் வரவேண்டுமே! என் மகள் ஆர்கன் இல்லாமலா கோயிலுக்குள் கால் வைப்பாள்? மூன்றாவது ஆல்பத்தில் பதினாறாம் நிமிஷத்தில் வருகிறதே, அது முழங்கினால் கல்யாணம், இல்லையென்றால் இல்லை என்று சொல்லிவிட்டேன். இப்போது ரூத் என்னோடு பேசுவதில்லை. நீங்கள் கட்டாயம் வாருங்கள். ஆனால் மேலே எழுதியதை யாரிடமும் சொல்லாமல், என் பக்கம் பேசுவதாக இருந்தால் மட்டும் வாருங்கள்.