சுருங்கும் மேஜை

காலிங் பெல் தானாகக் கெட்டுப்போகவில்லை. கண்ணாடிக்கடைக்காரர்தான் அதன் ஸ்க்ரூவைத் தளர்த்திவிட்டு, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி எலெக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டார்.

"தம்பி, பெல் மறுபடியும் அடிக்க மாட்டேங்குது."

"போன வாரம்தானே சார் சரி பண்ணேன்? சரி, சாயங்காலம் வர்றேன்."

கடையில் மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் பொருத்துவது அவர் வேலை. அதற்கான பொடி ஸ்க்ரூடிரைவர் எப்போதும் சட்டைப்பையில் இருக்கும். தலைக்குள்ளோ புதுப்புதுக் கருவிகள் உதித்துக்கொண்டே இருக்கும். மறந்து வைத்துவிட்டுக் கிளம்பினால் பின்னாலிருந்து கூப்பிடும் குடை. குறட்டை விடுகிறவர் தலையை மெல்லத் திருப்பிவிடும் தலையணை. ஒன்றையும் அவர் செய்யப்போவதில்லை. யாராவது செய்து பிழைத்துக்கொள்ளட்டும் என்று வாரி வழங்கினார். வாங்கிக்கொள்ளத்தான் ஆளில்லை.

"எனக்கு ஒரு யோசனை" என்று அவர் வாயைத் திறந்தாலே கடையில் எல்லோருக்கும் திடீரென்று வேலை வந்துவிடும். மகள் போனில், "அப்புறம் பேசறேம்பா" என்பாள். அந்த அப்புறம் வந்ததேயில்லை. மனைவி இருந்தவரை கேட்டாள். பாதியில் தூங்கிப்போவாள், ஆனாலும் கேட்டாள். அவள் போன பிறகு வீட்டில் பேச்சு என்பதே இல்லாமல் போயிற்று. சாயங்காலம் கதவைத் திறக்கும்போதே அவருக்கு நெஞ்சு கனக்கும். எலெக்ட்ரீஷியன் ஒருவர்தான் காது கொடுத்தார். ஏணி மேல் நிற்கிற மனிதர் எங்கே ஓடுவார்?

"இன்னிக்கு என்ன சார் கண்டுபிடிச்சீங்க?" என்று சாயங்காலம் வந்து ஏணியில் ஏறியதும் அவர் கேட்டார்.

"சாப்பாட்டு மேஜை! எத்தனை பேர் உட்கார்றாங்களோ, அந்த அளவுக்குத் தானா சுருங்கிக்கும். ஒருத்தர் உட்கார்ந்தா ஒருத்தருக்கான மேஜை. எதிர்ல காலி நாற்காலியைப் பார்த்துக்கிட்டே சாப்பிட வேண்டாம் பாருங்க."

எலெக்ட்ரீஷியன் ஏணியிலிருந்து இறங்கி டீயைக் கையில் எடுத்தார். "சரி சார், சுருங்கின பிறகு இன்னொரு ஆள் வந்துட்டா?"

அது அவருக்கே தெரியாது. "அடுத்த தடவை சொல்றேன்" என்று கெத்தாகச் சமாளித்தார். "நீங்களே இதைச் செஞ்சு வித்துக்கங்க தம்பி."

"எனக்கெதுக்கு சார்? கேட்கிறதுக்கு நல்லாருக்கு, அது போதும்." டீ ஆறிப்போய் வெகு நேரமாகியும் எலெக்ட்ரீஷியன் எழுந்திருக்கவில்லை.

அடுத்த தடவை கூப்பிடக் கண்ணாடிக்கடைக்காரர் ஸ்க்ரூடிரைவரை எடுக்கவே தேவையில்லாமல் போயிற்று. கூடத்து விளக்கு தானாகவே அணைந்தது.

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்று பெல்லில் கை வைத்ததற்கு இன்று விளக்கு ஏன் போகிறது? எலெக்ட்ரீஷியன் ஏற்கெனவே இறுக்கியிருந்த பெல் ஸ்க்ரூவை அவசர அவசரமாக இன்னும் இறுக்கிப் பார்த்தார். விளக்கு வரவில்லை. எலெக்ட்ரீஷியன் வந்தார், சரி செய்தார், மேஜையைப் பற்றி விசாரித்தார்.

"யோசிச்சுக்கிட்டே இருக்கேன்."

அவர் போன சில நாளில் சமையலறை ஃபேன் நின்றது. அதைச் சரி செய்துவிட்டுப் போனதும் மாடிப்படி முழுக்க விளக்கு போயிற்று. நம்முடைய விளையாட்டு கட்டடத்தையே கொளுத்திவிடும் போலிருக்கிறதே என்று கண்ணாடிக்கடைக்காரர் பயந்தார்.

அன்று இருட்டில் படி தடுமாறி உட்கார்ந்தவர், வேறு யாருமில்லை, குடியிருப்போர் சங்கச் செயலாளர். மூக்குக்கண்ணாடியில் ஒரு லென்ஸ் காணாமல் போயிருந்தது. செல்போன் வெளிச்சத்தோடு அக்கம்பக்கத்தாரும் திரண்டார்கள். நடுவே, விளக்கைச் சரி செய்ய ஏணியோடு வந்த எலெக்ட்ரீஷியன், தலை குனிந்தபடி.

"இந்த ஆள் கை வெச்ச இடமெல்லாம் பாழாப் போகுது!" என்று செயலாளர் கத்தினார். "இனிமே இவர் இந்தக் கட்டடத்துப் பக்கமே வரக் கூடாது. வேற ஆளைப் பார்த்துக்கலாம்."

கண்ணாடிக்கடைக்காரர் வாய் திறக்காவிட்டால் அந்த மனிதரின் பிழைப்பில் மண் விழும். திறந்தாலோ, இனி எந்த எலெக்ட்ரீஷியன் வந்து இவரிடம் உட்கார்ந்து கதை கேட்பார்?

"அவர் மேல தப்பில்லைங்க." பொடி ஸ்க்ரூடிரைவரை எடுத்து நீட்டினார். "நான்தான் பெல் ஸ்க்ரூவைத் தளர்த்தினேன். எனக்குப் பேச ஆளில்லை. இவர் வந்தா கேட்பார். அதான்."

யாரோ களுக்கென்று சிரித்து, உடனே இருமலாக மாற்றிக்கொண்டார்கள். செயலாளர் ஒற்றை லென்ஸ் வழியாக அவரை மேலும் கீழும் பார்த்தார். "இந்த வயசுல இதெல்லாம் தேவையா சார்?"

"நாளைக்குக் கடைக்கு வாங்க, லென்ஸ் போட்டுத் தர்றேன்" என்றார் இவர், வேறென்ன சொல்வது என்று தெரியாமல்.

எலெக்ட்ரீஷியன் மாடிப்படி விளக்கை எரியவிட்டார். கூட்டம் கலைந்தது. கண்ணாடிக்கடைக்காரர் உள்ளே போய் மேஜை முன்னால் உட்கார்ந்தார். அவமானத்தைவிட, இனி பெல்லை அடிக்க யாருமே வரமாட்டார்கள் என்பதுதான் அவரை வாட்டியது. எலெக்ட்ரீஷியன் ஏணியை வாசலில் சாத்திவிட்டு உள்ளே வந்தார்.

"மன்னிச்சுக்கங்க தம்பி. ஒரு பெல்லைத் தளர்த்தப்போய் மாடிப்படி வரைக்கும் இருட்டாக்கிட்டேன்."

எலெக்ட்ரீஷியன் எதிரே இருந்த காலி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பெல் ஸ்க்ரூவைத் தளர்த்தினா பெல் மட்டும்தான் சார் போகும், மத்ததெல்லாம் நான் தளர்த்தி வெச்சுட்டுப் போனது, இப்பவாவது சொல்லுங்க, இன்னொரு ஆள் வந்தா அந்த மேஜை என்ன பண்ணும்?"