ஒன்றில் முடியாத தாலாட்டு

அமெரிக்காவின் பாட்டு ஊரான எங்கள் நாஷ்வில்லில் பாட்டுக்கு எண் போடுவது வழக்கம். ஒலிப்பதிவுக்கு வாசிக்க வருகிறவர்களுக்குப் பக்கம் பக்கமாக இசைக்குறிப்பு எழுதித் தர நேரம் இருக்காது. ஒரு தாளில் 1, 4, 5 என்று எழுதி நீட்டினால் போதும்; ஒவ்வொரு எண்ணும் சேர்த்து மீட்டும் ஒரு சுரக்கூட்டு. பாடகி எந்தச் சுருதியில் பாடினாலும் கிட்டார்காரர்கள் பிடித்துக்கொள்வார்கள். ஒன்று என்றால் பாட்டின் வீடு. நான்கு என்றால் வாசலைத் தாண்டிக் காலாற நடப்பது. ஐந்து என்றால் ஊர் எல்லை. அங்கே போய் நின்ற எந்தப் பாட்டுக்கும் கால் தானாக வீட்டுப் பக்கம் திரும்பும். இதை யாரும் சட்டமாக இயற்றவில்லை. அதனால்தான் இவ்வளவு காலம் ஒழுங்காக நடந்தது.

டெல்லா ப்ளெவின்ஸ் கிழக்கு மலைப்பக்கத்துப் பண்ணையில் வளர்ந்தவள். அவளுடைய முதல் ஆல்பத்தில் பத்துப் பாட்டு. பத்தாவது, 'கொட்டகைப் பூனை தூங்கியாச்சு'; பத்து மாதக் குழந்தை ஐவிக்காக அவளே கட்டிய தாலாட்டு. அதன் கடைசி வரி, வீடான ஒன்றில் வந்து உட்காரும்போது ஐவியின் கண் மூடும். வேறு எதற்கும் மூடாது. காரில் வைத்து அடுத்த ஊர்வரை ஓட்டிப் பார்த்தாயிற்று.

இசைத்தட்டு நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தத்தின் பதினேழாம் பிரிவு இப்படிச் சொன்னது: 'அங்கீகரிக்கப்பட்ட வடிவம் தவிர வேறெந்த வடிவத்தையும், எவ்விடத்திலும், எவர் முன்னிலையிலும் கலைஞர் பாடலாகாது. மீறின், பாடல்கள் யாவும் நிறுவனத்தையே சாரும்.' டெல்லா படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டாள். 'எவர்' என்ற சொல்லுக்குள் ஐவியும் இருக்கிறாள் என்பது அப்போது அவளுக்குத் தோன்றவில்லை. நிறுவனத்தின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. எனக்கும் கைக்குழந்தை இருக்கிறது.

ஒலிப்பதிவின் மூன்றாம் நாள் தலைமையகத்திலிருந்து தர மேம்பாட்டு அலுவலர் திரு. ப்ரெஸ்காட் லோரிங் வந்தார். தாங்கியில் இருந்த எண் தாளை எடுத்துப் பார்த்தார். முகம் வெளுத்தது.

"இது என்ன, அஞ்சுக்கு அப்புறம் ஒன்னா?"

"ஆமா சார். அஞ்சுக்கு அப்புறம் ஒன்னுதான்," என்றார் ஹாய்ட் பர்டெட். அவர்தான் வாத்தியக்குழுவின் தலைவர். நாற்பது வருடமாக ஸ்டீல் கிட்டார் வாசிக்கிறவர்.

"தெரிஞ்சேதான் போட்டீங்களா?"

"தெரியாம போட முடியுமா? ஒன்னுல கிளம்பி ஒன்னுல வந்து முடியணும். அதானே அழகு!"

அலுவலர் ஒலிபெருக்கிப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "மூணு நிமிஷம் எட்டுப் பேர் உழைச்சு, கிளம்பின இடத்துலயே நிக்கிறீங்க. வளர்ச்சியே இல்லையே! இதென்ன, ஆறு போட்டு மைனஸ்?"

"அது சோகம் சார். சோகமான இடத்துக்கு அப்படிப் போடுவோம்."

"நிறுவனத்தோட ஆல்பத்துல கழித்தலா? கூட்டல் போடுங்க."

"கூட்டல் போட்டா அது வேற சத்தம் சார். பல்லு கூசும்."

"பழகிடும்."

"நல்லாயிருங்க சார்," என்றார் ஹாய்ட். எங்கள் ஊரில் ஒருவரைத் திட்ட இதற்கு மேல் வார்த்தை கிடையாது. திரு. லோரிங் நன்றி சொல்லி, 'ஊழியர்கள் ஒத்துழைப்பு நன்று' என்று குறித்துக்கொண்டார்.

மறுநாள் சுற்றறிக்கை வந்தது. பாடல்களில் மூன்றுக்குக் குறைந்த எண் இடம்பெறலாகாது. கழித்தல் குறிகள் யாவும் கூட்டல் குறிகளாகக் கருதப்படும். ஒவ்வொரு பாடலும், வளர்ச்சியைப் பறைசாற்றும் வகையில், ஐந்தில் நிறைவுறும்.

அப்படியே பதிவு செய்தார்கள். கூட்டல் வந்த இடங்களில் பிடில்காரரின் நாய் எழுந்து வெளியே போனது. கிட்டார்ப் பெட்டிக்குள் விரித்த கம்பளியில் படுத்திருந்த ஐவி, தாலாட்டின் கடைசி வரிவரை இமையைத் தளர்த்திக்கொண்டே வந்தாள். பாட்டு ஐந்தில் போய் நின்றது. ஐவி இரண்டு கண்ணையும் அகலத் திறந்து, மிச்சம் எங்கே என்பதுபோல அம்மாவைப் பார்த்தாள்.

டெல்லா தாலாட்டுக்கு மட்டும் விலக்கு கேட்டு விண்ணப்பம் கொடுத்தாள்.

"காரணம்?" என்றார் திரு. லோரிங்.

"குழந்தை தூங்கணும் சார்."

"தூங்கிட்டா அடுத்த பாட்டை யார் கேக்கிறது?"

"இதுதான் சார் கடைசிப் பாட்டு."

"அப்போ முதல் பாட்டை மறுபடி யார் கேக்கிறது? தூங்குற நுகர்வோரால நிறுவனத்துக்கு என்னம்மா பிரயோஜனம்?"

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

ஆல்பம் வெளிவந்தது. ஏதோ குறைகிறதே என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருக்கும்போதே, ஒரு விமர்சகர் அதற்கு 'முடிவின்மையின் பேரழகு' என்று பெயர் வைத்துவிட்டார். பெயர் வைத்த பிறகு குறை சொன்னால் நாம்தான் பட்டிக்காடு. பிராட்வேத் தெரு மதுக்கூடங்களில் எல்லாப் பாட்டும் ஐந்தில் நின்றது. எப்போது கைதட்டுவது என்று தெரியாமல் ஜனங்கள் கோப்பையைத் தூக்கிப் பிடித்தபடியே இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபைப் பாடகர் குழு 'ஆமென்'னை ஐந்தில் நிறுத்தியது. ஜெபம் முடிந்ததா என்று தெரியாமல் சபையார் கண்ணை மூடி நின்றுகொண்டே இருந்தோம். வெளியே வந்தபோது உணவகத்தில் பொரித்த கோழி தீர்ந்திருந்தது. பிள்ளை பெற்றவர்கள் எல்லோருக்கும் கண் சிவந்திருந்தது. அதற்கும் 'விழிப்புத் தாய்மை' என்று பெயர் வந்து, அதே சிவப்பில் கண் மை விற்றார்கள்.

டெல்லா பதினொரு நாள் பொறுத்தாள். பன்னிரண்டாம் நாள், மளிகைக் கடை வரிசையில் ஐவி அழுது அழுது நீலம் பாரித்தாள். டெல்லா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, குழந்தையின் காதோரம் தாலாட்டைப் பாடி ஒன்றில் முடித்தாள். ஐவி தூங்கினாள். பின்னால் நின்ற தள்ளுவண்டியில் வேறு யாரோ பெற்ற பிள்ளையும் தூங்கியது. ஒருத்தி அதைப் போனில் படம்பிடித்தாள். பதினேழாம் பிரிவின்படி டெல்லாவுக்கு அழைப்பாணை வந்தது.

விசாரணைக் குழுவில் மூன்று பேர், நடுவில் திரு. லோரிங். டெல்லா குழந்தையோடு நின்றாள். துணைக்கு ஹாய்ட் கிட்டாரோடு நின்றார்.

"குற்றத்தை அப்படியே செஞ்சு காட்டுங்க. பதிவேட்டுக்கு வேணும்."

"செஞ்சா பாட்டெல்லாம் போயிடுமே சார்? அப்புறம் இவளுக்கு நான் என்னத்தைப் பாடுவேன்?"

"செய்யலைன்னா விசாரணைக்கு ஒத்துழைக்கலைன்னு ஆயிடும். அப்பவும் போயிடும்."

டெல்லா பாடினாள். ஹாய்ட் கடைசி வரியை அழைத்துவந்து ஒன்றில் உட்காரவைத்தார். ஐவி தூங்கினாள். இடதுபக்க உறுப்பினர் தூங்கினார். வலதுபக்க உறுப்பினர் அவர் தோளில் சாய்ந்தார். திரு. லோரிங் கன்னத்தில் கை வைத்தபடி நாற்பது நிமிடம் குறட்டை விட்டார். எழுந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி:

"கடைசியா வந்துச்சே, அது என்ன?"

"ஒன்னு சார்," என்றார் ஹாய்ட்.

"இதுக்கு முன்னாடி யாராவது பயன்படுத்தியிருக்காங்களா?"

ஹாய்ட் வாயைத் திறந்தார். டெல்லா அவர் காலை மிதித்தாள். "இல்ல சார். நீங்கதான் முதல்ல கவனிச்சீங்க."

அடுத்த மாதம் ஆல்பம் 'வீட்டுப் பதிப்பு' என்று மறுபடி வந்தது. அட்டையில், 'உலகில் முதன்முறையாக, முடிகிற பாடல்கள்.' அதே விமர்சகர், 'துணிச்சலான கண்டுபிடிப்பு' என்று எழுதினார். திரு. லோரிங்குக்குப் பதவி உயர்வு; டெல்லாவின் குற்றம் பதிவேட்டிலேயே இல்லை. புதிய ஒப்பந்தத்தின் பதினேழாம் பிரிவின்படி டெல்லா இனி எவ்விடத்திலும், எவர் முன்னிலையிலும் ஒன்றில்தான் முடித்தாக வேண்டும். அவள் அதை வாய்விட்டு மூன்று முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாளாம். ஐவி மடியில் தூங்கிக்கொண்டிருந்தாளாம்.

வெளியான அன்று காலை இசைத்தட்டுக் கடை வாசல் வரிசையில் எனக்கு முன்னால் ஹாய்ட் நின்றிருந்தார்.

"என்ன ஹாய்ட் அண்ணே, உங்களுக்குமா? நாற்பது வருஷமா நீங்க வாசிக்கிறதுதானே?"

"அதான்மா," என்றார் தாழ்ந்த குரலில். "சரியாத்தான் வாசிச்சிருக்கேனான்னு ஒரு தடவை பாத்துக்கலாம்னு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அதற்குள் வரிசை நகர்ந்துவிட்டது. நான் இரண்டு வாங்கினேன்.