மைக்குள் நடந்த போயர் சண்டை

ஆயிரத்துத் தொள்ளாயிரமாம் வருஷம். தென்னாப்பிரிக்காவில் இங்கிலீஷ்காரனும், அங்கே குடியேறிய டச்சுக்காரர்களான போயரும் சுட்டுக்கொண்டார்கள். அதை வெற்றிலை மையில் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் கூட்டம் நெரிந்தது. பார்த்துச் சொன்னவர் மைக்காரர் சங்கிலிப்பாண்டி. கடல் தாண்டிப் பார்க்கிற கண்தான். எதிரே உட்கார்ந்தவன் யார் என்பதை மட்டும் விசாரித்துத் தெரிந்துகொள்ளும்.

ராஜபாளையத்து அசீனாவின் புருஷன் பக்கீர் முகமது அங்கேதான், நேட்டாலில், கரும்புத் தோட்டக் கூலி. சண்டை மூண்டபின் தகவலில்லை. அவன்மேல் குண்டு பாயாமலிருக்க இவள் கையில் மைக்காரர் தாயத்துக் கட்டவேண்டுமாம். கூலியாகத் தன் பால் ஆட்டை ஓட்டிவந்திருந்தாள்.

தட்டிக்கு இந்தப்புறம் அவள் காத்திருந்தாள். உள்ளே, வெள்ளைக்காரக் கம்பெனிக்குப் பஞ்சு விற்கும் வியாபாரிகள்.

"மகாராணி படைதான் ஜெயிக்கும். போயர் ஓடுதான்" என்றார் மைக்காரர்.

அவர்கள் சிரித்தபடி வெளியேறினார்கள். அடுத்து, நிலவரி கட்டி நொந்த உழவர்கள், மகாராஜபுரத்துச் சம்சாரிகள்.

"போயர்தான் ஜெயிப்பான். இங்கிலீஷ்காரன் துப்பாக்கியப் போட்டுட்டு ஓடுதான்."

அசீனா இரண்டையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முறை வந்தது.

"எங்க வீட்டுக்காரரு நேட்டால்ல இருக்காக. யாரு ஜெயிப்பாக அய்யா?"

மைக்காரர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "அவரு எந்தப் பக்கம் தாயி?"

"மையில தெரியலையா?"

அவள் எழுந்து தட்டியை விலக்கினாள். வெளியே இரண்டு கூட்டமும் தனித்தனியே பேசிக்கொண்டு நின்றன.

"அண்ணாச்சிமாரே, செத்த நேரம் உள்ள வாங்க. ஒங்களுக்குத் தனித்தனியாச் சொன்னத அய்யா ஒண்ணாச் சொல்லட்டும்."

எதிரெதிரே உட்கார்ந்தார்கள். மைக்காரர் வியாபாரிகளைப் பார்த்தார், சம்சாரிகளைப் பார்த்தார். நெற்றி வியர்வை வெற்றிலையில் சொட்டியது.

"மை காஞ்சுபோச்சு."

"ஈரமாத்தான இருக்கு" என்றாள் அசீனா.

"போயர் ஓடுதான்னீரே" என்றார் ஒரு வியாபாரி.

"எங்ககிட்ட இங்கிலீஷ்காரன்ல ஓடுனான்" என்றார் ஒரு சம்சாரி. "ரெண்டு பேரும் ஓடிட்டா, யாருவே அங்க சுடுதது?"

மூன்றாவதாக ஓடியவர் சங்கிலிப்பாண்டி. புறவாசல் வழியாக.

அசீனா ஆட்டை ஓட்டிக்கொண்டு நேரே தபாலாபீசுக்குப் போய், நேட்டால் தோட்டத்துக்கு ஒரு கடுதாசி எழுதச் சொன்னாள். பதில் வர மாதங்களாகும். அவள் பயம் தீரவில்லை. அந்தப் பயத்தை விற்றுத் தின்ன இனி ஆளில்லை, அவ்வளவுதான்.

மற்றவர்கள் திருந்தினார்களா? தளவாய்புரத்தில் ஒருவர் சோழி உருட்டிச் சீனத்துச் சண்டையைப் பார்க்கிறாராம், வண்டி பூட்டிவிட்டார்கள். சீனத்தை எவன் பிடிப்பான் என்று அலைகிற அய்யாமாரே, உங்கள் மூளையை எவன் பிடித்துவைத்திருக்கிறான் என்று முதலில் பாருங்கள். அதற்கு மையும் வேண்டாம், சோழியும் வேண்டாம்.