ரோட்டுக்கு முதுகு காட்டிய வீடு

என்னை நம்பிச் சுவரில் ஓர் ஆணி அடிக்கும் வேலையைக்கூட யாரும் கொடுக்கக் கூடாது. என் அம்மா ஒரு முழு வீட்டையே கொடுத்தார்.

நீடாமங்கலத்தைத் தாண்டி, எங்கள் ஊர்க் கடைசியில் பண்ணை வீட்டாரின் பழைய தோப்பு இருக்கிறது. தோப்பு என்பது மரியாதைக்குச் சொல்வது. மா, இலுப்பை, மூங்கில் எல்லாம் கேட்பாரற்று வளர்ந்து, பட்டப்பகலிலேயே டார்ச் கேட்கும் காடு அது. பண்ணை வீட்டார் சென்னைக்குப் போன பிறகு அதைத் துண்டு போட்டு விற்றார்கள். ஒரு துண்டை அம்மா வாங்கினார். இளம் வயதில் அதே பண்ணையில் நாற்று நட்டவர். பிறகு அங்கன்வாடியில் சமைத்து அக்காவையும் என்னையும் படிக்க வைத்தவர்.

அம்மாவுக்கு வீட்டைப் பற்றி ஒரே ஒரு ஆசைதான். பண்ணை வீட்டில் எங்கள் ஆட்கள் வாசல் பக்கம் போனதே கிடையாது. கூலி நெல் வாங்கினாலும், தாகத்துக்குத் தண்ணீர் கேட்டாலும் கொல்லைப் பக்கம்தான்.

"நம்ம வாசல் ரோட்டைப் பார்த்து இருக்கணும்டா. போறவன் வர்றவன் எல்லாம் பார்த்துட்டுப் போகணும்" என்றார். மற்றபடி அறை எவ்வளவு பெரிசு, டைல்ஸ் என்ன கலர் என்றெல்லாம் அவர் கேட்கவே இல்லை.

அந்த ஒரே ஆசையைத்தான் நான் கெடுத்தேன். அதுவும் சும்மா இல்லை, நேரில் நின்று மேற்பார்வை பார்த்துக் கெடுத்தேன்.

நான் பள்ளிக்கூடத்தில் புவியியல் வாத்தியார். (ஆமாம், திசையெல்லாம் சொல்லித் தருவோமே, அதேதான். சிரித்து முடித்துவிட்டு மேலே படியுங்கள்.) கோடை விடுமுறை என்பதால் மேற்பார்வை என் தலையில் விழுந்தது. விழுந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. தலையில் துண்டைக் கட்டி, பிளானைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கலவை போடுகிறவர்களிடம் "தண்ணி அதிகம்" என்பேன். கொஞ்ச நேரம் கழித்து "தண்ணி பத்தலை" என்பேன். மேஸ்திரி இரண்டுக்கும் "சரிங்க சார்" என்பார்.

ரோட்டுப் பக்கம் இருந்த சின்னப் பாலம் லாரி தாங்காது. அதனால் செங்கல், மணல் எல்லாமே பின்னாலிருந்த வாய்க்கால் கரை வழியாக வந்தன. நானும் பைக்கை அங்கேதான் நிறுத்துவேன். ரோட்டை மூங்கில் புதர் மறைத்திருந்தது. நாள் போகப் போக, வாய்க்கால் பக்கம்தான் வீட்டின் முன்பக்கம், அந்தக் கரைதான் ரோடு என்று என் மண்டையில் பதிந்துவிட்டது.

அஸ்திவாரம் முடிந்து, வாசல் நிலை வைக்கும் நாள் வந்தது. எங்கள் பக்கம் அது பாதிக் கல்யாணம். கதவுச் சட்டத்துக்கு மஞ்சள் குங்குமம் இட்டு, அடியில் நவதானியம் போட்டு, நல்ல நேரத்துக்குள் நிறுத்த வேண்டும். நிறுத்திய பிறகு அசைக்கக் கூடாது. அசைத்தால் குடும்பத்துக்கு ஆகாது என்பார்கள்.

அன்றைக்கு ஊரெல்லாம் முகூர்த்தம். மேஸ்திரி வேறு வீட்டு நிலைக்குப் போய்விட்டு, எங்களுக்கு இரண்டு புதுக் கொத்தனார்களை அனுப்பியிருந்தார். அம்மாவும் அக்காவும் மாமாவும் பொங்கல் பானையோடு ஆட்டோவில் கிளம்பி, நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டார்கள். அந்த கேட்டைத் தெரிந்தவர்களுக்கு மேலே விளக்கம் தேவையில்லை.

அம்மா போன் செய்தார். "கூட்ஸ் வண்டி நிக்குதுடா. நகர்ற மாதிரி தெரியலை. நல்ல நேரம் போயிடும், நீயே வச்சிடு."

"நீ இல்லாமயாம்மா?"

"பரவாயில்லை. ரோட்டைப் பார்த்து, கிழக்கே பார்த்து. ஞாபகம் இருக்குல்ல?"

"அம்மா, நான் புவியியல் வாத்தியார்" என்றேன். அந்தக் குரலை இப்போது நினைத்தாலும் எனக்கே ஓங்கி ஓர் அறை விடத் தோன்றுகிறது.

"கிழக்கு எந்தப் பக்கம் சார்?" என்றார் கொத்தனார்.

வானம் மூடிக் கிடந்தது. சூரியன் எங்கே என்றே தெரியவில்லை. நான் அசரவில்லை. செல்போனில் திசைகாட்டியைத் திறந்து, கை நடுங்கினால் கணக்கு தப்பும் என்று (விஞ்ஞானம்!) பக்கத்தில் குவிந்திருந்த இரும்புக் கம்பிகளின் மேல் வைத்தேன். இரும்புக்குப் பக்கத்தில் திசைகாட்டி பொய் சொல்லும் என்று வருடா வருடம் பிள்ளைகளுக்கு நடத்துகிறவன் நான். முள் தள்ளாடி நின்று, என் பைக் இருந்த பக்கத்தைக் கிழக்கு என்றது. என் மண்டையும் அதையே சொன்னது. வேறென்ன சாட்சி வேண்டும்?

"அதோ, அதுதான் கிழக்கு."

"நாங்களும் அப்படித்தான் நினைச்சோம் சார்" என்றார் கொத்தனார். அவர்களும் வாய்க்கால் கரை வழியாக வந்தவர்கள்தானே.

தேக்கு நிலை ஜம்மென்று நின்றது. நான் அதோடு ஒரு செல்ஃபியும் எடுத்துக்கொண்டேன்.

ஆட்டோ ரோட்டுப் பக்கம் வந்து நின்றது. மூங்கிலை விலக்கிக்கொண்டு மூவரும் வந்தார்கள்.

"டேய், இந்தப் பக்கம் கொஞ்சம் வாடா" என்றாள் அக்கா. போய்ப் பார்த்தேன். நேர் எதிரே ரோடு. நிலையோ அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாய்க்காலை வேடிக்கை பார்த்தது. அந்த நேரம் பார்த்து மேகம் விலகி, ஆட்டோவுக்குப் பின்னால் சூரியன் வேறு தலையை நீட்டியது.

"பிடுங்கிடலாம்மா, சிமெண்ட் இன்னும் ஈரமாத்தான் இருக்கு" என்றேன்.

"வச்ச நிலையைப் பிடுங்கறதா? வாயைக் கழுவுடா!" என்று மாமா பாய்ந்தார். "எவன்டா இங்க வைக்கச் சொன்னது?"

கொத்தனார்கள் என்னைப் பார்த்தார்கள்.

"நான்தான் சொன்னேன்" என்றார் அம்மா.

எல்லோரும் திரும்பினோம். அம்மாவின் கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை. "அந்தப் பக்கந்தான் காத்து வருது. நான்தான் போன்ல மாத்தி வைக்கச் சொன்னேன். வாங்க, பொங்கல் ஆறிடப் போவுது."

என்னை ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை. கொத்தனார்களுக்கு முதல் இலை போட்டார். வாழ்நாள் ஆசையை ஒரு நொடியில் விழுங்கிவிட்டு, என் மானத்தைக் காப்பாற்றினார். அம்மாவின் இடத்தில் நான் இருந்திருந்தால், பெற்ற பிள்ளை என்றும் பாராமல் மண்வெட்டியைத் தூக்கியிருப்பேன். சாப்பாடு முடிந்ததும் பிளானை என் கக்கத்திலிருந்து உருவி, தலைகீழாகத் திருப்பி வைத்து, ஹால் இங்கே, அடுப்படி ரோட்டுப் பக்கம் என்று ஒவ்வொன்றாக மாற்றிச் சொன்னார். என்ன மனுஷி!

வீடு எழும்பியது. ரோட்டிலிருந்து பார்த்தால் துவைக்கிற கல், கொடியில் புடவைகள், அடுப்படி ஜன்னல். யார் வந்தாலும் வீட்டைச் சுற்றித்தான் வாசலுக்கு வர வேண்டும். சிலிண்டர் போடுகிறவருக்கு மட்டும்தான் சந்தோஷம்.

கிரகப்பிரவேசத்துக்குப் பண்ணை வீட்டுப் பெரியவரின் மகன் சென்னையிலிருந்து வந்திருந்தார். நல்ல மனிதர். ரோட்டில் காரை நிறுத்தி, கல்லைத் தாண்டி, ஈரப் புடவைக்குக் குனிந்து, ஒருவழியாகச் சுற்றி வந்து சேர்ந்தார். அம்மா நாற்காலி போட்டு உட்கார வைத்துக் காபி கொடுத்தார்.

"வீடு பிரமாதம்மா" என்றார் அவர். "வாசலை மட்டும் ஏன் பின்பக்கமா வச்சிட்டீங்க?"

அம்மா சிரித்த முகம் மாறாமல் சொன்னார்: "இது பின்பக்கம் இல்லீங்க தம்பி. நீங்கதான் கொல்லை வழியா வந்துட்டீங்க."

அவர் மெதுவாகச் சிரித்து, "சரிதாம்மா" என்று காபியைக் குடித்தார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் எதைக் குறை சொன்னாலும் இதுதான் பதில். போன வாரம் சட்னியில் உப்பில்லை என்றேன். அடுப்படியிலிருந்து அம்மா, அக்கா, என் மனைவி மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்:

"நீ கொல்லை வழியா வந்துட்ட!"