பிடரியில் மின்னிய சிவப்பு விளக்கு

அறிவியல் புனைகதை எழுதுகிறவனுக்கு அறிவு இருக்கும் என்று நம்பாதீர்கள். நானே சாட்சி.

வட்டவளையில் இருந்துகொண்டு நான் எழுதிய முதல் நாவலில், தோட்டத்து ஆட்கள் எல்லோருக்கும் பிடரியில் ஒரு சிப் பொருத்திவிடுவார்கள். லயத்து வரிசை வீடுகளில் யார் என்ன நினைத்தாலும் கம்பெனிக்குத் தெரிந்துவிடும். எழுபதாம் பக்கத்தில் கதை நின்றுபோனது. உடம்பில் கம்பியோடு நடக்கிறவனை ஊர் எப்படிப் பார்க்கும்? (தெரியாவிட்டால் சும்மா இருக்க வேண்டியதுதானே. இருக்கவில்லை.)

பழைய ரேடியோவைப் பிரித்து, உள்ளிருந்த பச்சைப் பலகையைப் பிளாஸ்டர் போட்டுப் பிடரியில் ஒட்டினேன். இரண்டு கம்பி, விட்டு விட்டு எரியும் சின்னச் சிவப்பு விளக்கு, பையில் பேட்டரி. மேலே ஸ்வெட்டர். அக்காவிடம் ஒன்றும் சொல்லாமல் அவளோடு நுவரெலியா பஸ்ஸில் ஏறினேன்.

தலவாக்கலை தாண்டியதும் துணிச்சல் வந்து ஸ்வெட்டரைக் கழற்றினேன். பின்சீட்டில் இருந்த ஓர் அம்மா மெதுவாகச் சொன்னார்: "தம்பி, கழுத்துல என்னமோ மின்னுதுங்க."

அவ்வளவுதான். பஸ் நின்றது. எல்லோரும் மழையில், ரோட்டில். நான் மட்டும் உள்ளே, கையைத் தூக்கியபடி. விளக்கு நிதானமாக மின்னிக்கொண்டிருந்தது.

பொலிஸ் வந்தது. சார்ஜன்ட் தூரத்தில் நின்றே சிங்களத்தில் கேட்டார்: "மே மொகக்த?" (என்ன இது?)

"கதாவக், சார்." கதை என்றேன். அவர் இன்னும் இரண்டடி பின்னால் போனார்.

கண்டக்டர் அக்காவைக் காட்டினார். "இவங்கதான் பக்கத்துல இருந்தாங்க."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "எனக்குத் தெரியாதுங்க. எடம் இருந்துச்சு, உக்காந்தேன்."

ஸ்டேஷனில் பிளாஸ்டரை முடியோடு உரித்தார்கள். சார்ஜன்ட் பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு, கதையை முழுக்கச் சொல்லச் சொன்னார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். தேத்தண்ணி வந்தது. கடைசியில் தமிழிலேயே கேட்டார்: "மழ பேஞ்சா லயத்துல கரண்டு போவுமே. அப்ப சிப்பு?"

எழுபது பக்கமும் எழுதியவனுக்கு அது தோன்றவே இல்லை. எச்சரித்து அனுப்பினார். வீடு வந்து, விட்ட இடத்திலிருந்து எழுதினேன்: மின்சாரம் போகும் நேரங்களில் மட்டும் என் ஆட்கள் தங்களுக்குப் பிடித்ததை நினைக்கிறார்கள். நாவலில் எல்லோரும் பாராட்டுவது அந்தப் பகுதியைத்தான்.

அக்கா அதன்பின் என்னோடு ஒரே சீட்டில் உட்கார்ந்ததில்லை. ஹட்டனில் நடந்த வெளியீட்டு விழாவுக்கும் தனியாகவே வந்தாள். எழுத்தாளருக்கு நீங்க சொந்தமா என்று யாரோ கேட்டார்களாம்.

"ஒரே ஊரு" என்றாளாம். வீட்டில் இன்றைக்கும் எனக்கு அதுதான் பெயர்.