செலவைக் குறைக்க வைத்தவர்

உங்கள் ஊரிலும் இவர் கட்டாயம் இருப்பார். தேர்தல் முடிந்ததும் நாமெல்லாம் கட்சி நோட்டீஸ்களை வடை மடிக்கக் கொடுத்துவிடுவோம். இவர் ஒன்றை மட்டும் லேமினேஷன் போட்டு வைத்துக்கொண்டு ஐந்து வருஷமும் அதைத் தூக்கிக்கொண்டு அலைவார். இந்த ரகத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர் வாக்குறுதிக் காவலர்.

சிதம்பரத்தை ஒட்டிய எங்கள் நகரில் இந்தப் பதவியை வகிப்பவர் பொன்னுரங்கம், ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர். எங்கள் எம்.எல்.ஏ. ‘தொகுதியில் அரசுச் செலவைக் குறைத்துக் காட்டுவேன்’ என்று நோட்டீஸில் அச்சடித்துவிட்டார். பாவம், தாளில் இடம் மிச்சம் இருந்திருக்கும்.

அன்றிலிருந்து எம்.எல்.ஏ. போகிற இடத்துக்கெல்லாம் நோட்டும் பேனாவுமாக இவரும் போனார். திறப்பு விழாவில் ரிப்பனை முழம் போட்டு அளப்பார், பின்னால் வரும் கார்களை எண்ணுவார், திருப்பாதிரிப்புலியூரில் கூட்டம் என்றால் முதல் பஸ் பிடித்துப் போய்ப் பகலில் எரியும் டியூப்லைட்டுகளைக் குறித்துக்கொண்டு, சொந்தக் காசில் டீ குடித்துவிட்டுத் திரும்புவார். சேத்தியாத்தோப்பில் ஒரு துக்க வீட்டில், எம்.எல்.ஏ. மாலை வைத்துவிட்டுக் கிளம்பியதும், அழுதுகொண்டிருந்த அம்மாளிடம் குனிந்து, “மாலை அவுரு கைக்காசா, கவர்மெண்ட் காசாம்மா?” என்று கேட்டார். அந்த அம்மாள் அழுகையை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் யோசித்தார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

நாலு வருஷம். நோட்டு முழுக்கப் பெருக்கல் குறி. ஒரே ஒரு டிக் போட மாட்டோமா என்று மனுஷர் ஏங்கிப் போய்விட்டார்.

அவர் மனைவி மலர்க்கொடியின் ஏக்கம் வேறு. தெருமுனை வாய்க்காலுக்கு ஒரு சிறுபாலம் வேண்டும். மழைக்காலத்தில் ரேஷன் அரிசியைத் தலையில் வைத்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நடப்பது அவர்தான். போன வருஷம் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. மனு மேல் மனுவாகப் போட்டு, ஒருவழியாக உத்தரவும் வந்து, ஜல்லிகூடக் கொட்டிவிட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து எம்.எல்.ஏ.வே பொன்னுரங்கத்தைத் தேடி வீட்டுக்கு வந்தார். அடுத்த தேர்தல் நெருங்குகிறதே.

“ஐயா, உங்க நோட்டுல எனக்கு ஒரே ஒரு டிக் போடுங்க. போற எடமெல்லாம் அதத்தான் கேக்குறாங்க.”

“நீங்க கொறைங்க, நான் போடுறேன்.”

“எதக் கொறைக்கிறது? எல்லா வேலையும் முடிஞ்சிபோச்சி. ஆரம்பிக்காதது உங்க தெரு பாலம் ஒண்ணுதான்.”

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. பொன்னுரங்கம் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார்.

“எழுத்துல குடுப்பீங்களா?”

கொடுத்தார். டிக் விழுந்தது, பச்சை மையில், தேதியோடு. மறுநாள் லாரி வந்து ஜல்லியை அள்ளிக்கொண்டு போனது. லாரி வாடகைக்குத் தனியாக ஒரு பெருக்கல் குறி போட்டார். நியாயம் என்றால் நியாயம்.

“தண்ணியில நான்தான நடக்குறேன், உங்க நோட்டா நடக்குது?” என்று கேட்டார் மலர்க்கொடி.

“ஒரு ஆளு சொன்னதச் செஞ்சிட்டான். நாலு வருஷத்துல இதான் மொதத் தடவ. அத ஒத்துக்க வேணாமா?”

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. மலர்க்கொடி பையை எடுத்துக்கொண்டு நெல்லிக்குப்பத்தில் இருக்கும் தங்கை வீட்டுக்குக் கிளம்பினார். வாய்க்காலில் தண்ணீர் இடுப்பளவு. நடுவில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பொன்னுரங்கம் வாசலில் நின்றுகொண்டு, நனைந்துவிடாமல் நோட்டுக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்தார்.

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீங்கள் சொன்னதுதான் சரி என்று கடைசியாக ஒருமுறை விடாப்பிடியாக நின்று ஜெயித்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்கு உங்கள் வீட்டில் தண்ணீரில் இறங்கி நடந்தது யார்?